புள்ளிக் கணக்கு

பள்ளத்தூர் விலக்கில் டெம்போ கவிழ்ந்தபோது
மணி நாலே கால்.
ஆசிட் கேன் இருபத்தைந்து, கேனுக்கு நாற்பது கிலோ.
ஒன்று மிச்சமில்லை.
ஊருணிக்குப் போகும் சிமெண்ட் வரத்துக்காலில்
மஞ்சளாய்த் தேங்கி வெள்ளையாய்ப் புகைந்தது.
மடைவாயில் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள்.
அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்,
தண்ணீருக்குள் இன்னும் எழுந்திருக்காத கெண்டை.

கல்லூரி லேபில் வேலை பார்க்கிறவள் என்று
என்னை எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.
நைட்டிக்கு மேல் துண்டு, கையில் சாக்பீஸ்.
சாக்பீஸ் எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"சுண்ணாம்பு போட்டா அடங்கும்ல?
எத்தனை மூட்டைன்னு சொல்லு" என்றாள்
பஞ்சாயத்துத் தலைவி சிகப்பி.
மெய்யர் ஹார்டுவேர்ஸ் ஷட்டரை
அதற்குள் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டெம்போவின் பின்கதவில் எழுதத் தொடங்கினேன்.
ஆயிரம் கிலோவில் ஆசிட் முப்பத்து மூன்று பங்கு;
முந்நூற்று முப்பது கிலோ. மீதி வெறும் தண்ணீர்.
எடையோடு எடையை மோத விட முடியாது.
கோயிலுக்கு வரி போடுகையில்
ஆள் ஒல்லியா பருமனா என்று யார் பார்க்கிறார்கள்?
கல்யாணமானால் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
மோலும் அப்படி ஒரு புள்ளிதான்.
எடையைப் புள்ளியாக்கு, புள்ளியைப் புள்ளியோடு சேர்,
அப்புறம் எடைக்குத் திரும்பு.

முப்பத்தாறரையால் வகுத்தேன்.
ஒன்பதாயிரத்து நாற்பது கிலோமோல் என்று எழுதி
கிலோவை அழித்தேன், கை நடுங்கியது.
ஒன்பதாயிரத்து நாற்பது மோல்.
சுண்ணாம்புக்கு எழுபத்து நாலு. பெருக்கினேன்.
அறுநூற்று அறுபத்தொன்பது கிலோ.
சரக்கின் தூசு துரும்பையும் சேர்த்து
"இருபத்தெட்டு மூட்டை" என்றேன்.

மூட்டைகள் வந்து இறங்கின.
மெய்யர் பேனாவைத் திறந்து கேட்டார்:
"யார் பேர்ல பத்து எழுதட்டும்?"

பத்து என்றதும்தான்
வரவு என்னவென்று பார்த்தேன்.
சமன்பாடு எழுதாமலே பெருக்கியிருக்கிறேன்.
அம்புக்குறியின் இரண்டு பக்கமும் போட்டால்
ஐந்தொகை இடிக்கிறது.
சுண்ணாம்புக்குக் கை இரண்டு.
ஒரு சுண்ணாம்பு இரண்டு ஆசிட்டைப் பிடித்துக்கொள்ளும்.
ஒரு சின்ன இரண்டு,
முன்னால் நிற்க வேண்டியது, நிற்கவில்லை.

"பாதி போதும்."
"ஏன், கூடவே போட்டா நல்லதுதானே?"
"ஆசிட் கொல்லாத மீனை
மிச்சச் சுண்ணாம்பு கொல்லும்."
சிகப்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
தப்பு என்னுடையது என்று சத்தமாகச் சொன்னேன்,
டிரைவர் சவேரியார்பிச்சைக்கும் கேட்கும்படி.
அந்த ஆள் சட்டையெல்லாம் ஓட்டையாய்க் குழாயடியில் நின்று
இரண்டு கையையும் கழுவிக்கொண்டே இருந்தார்,
ஏதோ அவரைத்தான் கணக்குக் கேட்டது போல.

பதினாலு மூட்டை.
கரைத்துக் கரைத்து மெதுவாக ஊற்றினோம்.
நுரைக்கவில்லை. சூடு மட்டும்
கால்வாய் மேலே வந்து முகத்தில் அடித்தது.
கடைசி மூட்டையில் பாதிக்கு மேல்
ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு பிஎச் தாள்.
சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்,
அப்புறம் ஒரு பச்சை,
விடிந்த வெளிச்சமா நிறமா என்று தெரியாமல்
இன்னொரு தாளையும் நனைத்தேன்.

மிச்சத்தில் பதின்மூன்றைத்தான் மெய்யர் திரும்ப எடுத்தார்.
ஒன்று கிழிந்துவிட்டதாம்.
கொடுத்தேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் போட்டுப் பார்த்தேன்:
போன ஆசிட்டும் போன சுண்ணாம்பும் எங்கே?
தண்ணீராய் நூற்று அறுபத்து மூன்று கிலோ.
உப்பாய் ஐநூற்றொன்று,
மொய் எழுதியது போல.
கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு
காரைக்குடி பக்கம் போனது.
அங்கே அதை யார் பேரில்
எழுதினார்களோ.